எடைக்கல்

காளை என்று எழுதி வந்த திசு காளையுடையது அல்ல.

ஜெசிந்தா கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியின் கீழ் இன்னொரு முறை நகர்த்தினாள். விரையின் நுண்குழாய்களுக்கு நடுவே இருந்த செல்களில் சின்னச் சின்னக் குச்சிகளைப் போலப் படிகங்கள் கிடந்தன. காளைக்கு இவை கிடையாது. கிடாய்க்கும் நாய்க்கும் குதிரைக்கும் கிடையாது. மனித ஆணுக்கு உண்டு.

அவள் எழுந்துபோய்க் குளிர்பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு சிறிய குப்பியை எடுத்தாள். தம்பிக்குப் பிறகு அதைத் திறந்ததில்லை. ஒரே ஒரு புரதத்தைத் தேடிப்போய் ஒட்டும் மருந்து அது. ஒட்டிய இடம் பழுப்பாகும். வளர்ந்த ஆணின் விரையில் அது எங்கும் ஒட்டக் கூடாது.

மதியத்துக்குள் தகடு தயாரானது. குழாய்களின் ஓரத்தில் சில செல்கள் வெளுத்து ஊதி நின்றன. அவற்றின் நடுவில் பழுப்பு. ஒரு மூலையில் குழாயின் சுவரையே காணவில்லை. அங்கே பழுப்பு கும்பலாக வெளியேறி, ஒரு ரத்த நாளத்தின் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது. இன்னும் உள்ளே நுழையவில்லை.

பேச்சிமுத்துவைக் கூப்பிட்டாள். தூத்துக்குடி கால்நடை மருத்துவமனையின் மருத்துவர். அவளுடைய பரிசோதனைக்கூடம் அந்த மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு வாடகை அறை. ஆடு மாடுகளின் திசுவைப் பார்த்துச் சொல்வது அவள் பிழைப்பு. மனிதத் திசுவைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் வேலை நாட்டில் இப்போது யாருக்கும் இல்லை.

"யாரோட காளை இது?"

"சேக்காளியோடது."

"என்ன வயசு?"

"ஒரு ஆறு, ஏழு இருக்கும்."

"பல்லைப் பிடிச்சுப் பாத்தீங்களா?"

பேச்சிமுத்து கூரையைப் பார்த்தார்.

"இந்தக் காளை ஓட்டு போடும் பேச்சிமுத்து."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கண்டுபிடிச்சிருவியன்னு சொன்னேன். அவந்தான் கேக்கல. நாந்தான் எடுத்தேன் டாக்டரம்மா. ஆயிரம் காளைக்குக் காயடிச்ச கை இது. ஆனா ஒரு காளையும் 'மெதுவா எடு மாப்ள'ன்னு சொன்னதில்ல."

"தராசுல ஏறலையா அவர்?"

"ஏறியாச்சு. நலம்னு சொல்லிட்டு. அவனுக்குத்தான் மனசு ஒப்பல. தொட்டா கட்டி தட்டுப்படுதுல்லா."

தராசு என்பது மக்கள் வைத்த பெயர். அரசாங்கப் பெயர் நீளமானது, யாரும் சொல்வதில்லை. ஊசி உடம்பிலிருந்து மயிரளவு திசுவை எடுக்கும். அதில் என்னென்ன புரதங்கள், எவ்வளவு என்று இயந்திரம் படிக்கும். நோயில்லாத திசுவின் அளவுகளோடு ஒப்பிட்டு ஓர் எண்ணைச் சொல்லும். எண்பதுக்கு மேல் இருந்தால் நலம். தராசு நலம் என்ற உடம்பில் கத்தி வைத்த மருத்துவர் மறுபடி கத்தியைத் தொட முடியாது. அதுதான் சட்டம். நுரையீரலுக்கும் மார்புக்கும் ஈரலுக்கும் அது பல உயிர்களைக் காப்பாற்றியிருந்தது. கல்யாணப் பேச்சில் ஜாதகத்துக்கு முன்னால் தராசுச் சீட்டைக் கேட்டார்கள்.

"தராசு தப்பு சொல்லுமா டாக்டரம்மா?" என்றார் பேச்சிமுத்து. "எம் மவன் சீட்டத்தான் பொண்ணு வீட்டுக்கு அனுப்பிருக்கேன். தொண்ணூத்தஞ்சு. சம்பந்தி ஃப்ரேம் போட்டு மாட்டாத கொறதான்."

"காளையோட பேரைச் சொல்லுங்க."

"சொன்னா தகட்டத் தூக்கி எறிஞ்சிருவிய."

"சொல்லுங்க."

"குலசேகரன். ஹாஸ்டல்ல எனக்கு ரூம்மேட்டு."

ஜெசிந்தா தகட்டை எறியவில்லை. அதைத் துடைத்து உறையிலிட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள்.

"வரச் சொல்லுங்க," என்றாள்.

டாக்டர் குலசேகரன் தராசின் தொழில்நுட்பக் குழுத் தலைவர். அதைக் கட்டியவரும் அவரே. ஜெசிந்தா அவரை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாள், திரையில்.

அவள் தம்பி கிளாட்வின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். வலி என்று வந்தான். தராசு தொண்ணூற்றாறு என்றது. "கிளாஸ்ல கூட நான் இவ்வளவு வாங்கினதில்லக்கா," என்று சிரித்தான். அவளுக்கு மனம் ஆறவில்லை. அப்போது அவள் மருத்துவக் கல்லூரியில் திசு நோய்க்கூறுத் துறையில் இருந்தாள். பழைய முறையில் சாயம் ஏற்றிப் பார்த்தாள். பழுப்பு. அறுவை மருத்துவர் தேவசகாயத்தின் முன்னால் தகட்டை வைத்துக் கெஞ்சினாள். அவர் சட்டத்தைக் காட்டினார். குழுவிடம் முறையிட்டாள். திரையில் எட்டுப் பேர். குலசேகரன் தகட்டின் படத்தை முழுதாகப் பார்க்கவில்லை.

"நோயாளி உங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி."

"அக்கா கண்ணுக்கு எல்லாம் கட்டியாத்தான் தெரியும்," என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர் அன்பாகவே சொன்னார். "அவசரம் ஒண்ணும் இல்ல. ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லுங்க."

ஆறு மாதம் கழித்து வர அவன் இல்லை.

*

குலசேகரன் மறுநாள் காலை ஆட்டோவில் வந்தார். கார் இல்லை, உதவியாளர் இல்லை. பேச்சிமுத்து ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்க்கப் புதியம்புத்தூர் போயிருந்தார். வெளியே காய்ச்சல் கண்ட ஆடுகள் வரிசையாகக் கட்டியிருந்தன. அவற்றைத் தாண்டி வந்து வாசலில் நின்றார். ஜெசிந்தா உட்காரச் சொல்லவில்லை.

"நான் யாருன்னு சொல்லாம அனுப்பினது தப்புதான்," என்றார். "சொல்லியிருந்தா நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

"பாத்திருப்பேன். இன்னும் சீக்கிரம் பாத்திருப்பேன்."

அவர் அதை நல்ல அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார். "தேவசகாயம் எடுத்துடறேன்னு சொல்லிட்டார். வெளியில குடலிறக்கம்னு எழுதிக்குவார். ஒரே ஒரு நிபந்தனை. நோய்தான்னு நீங்க கைப்பட எழுதிக் கொடுக்கணுமாம். உங்க கண்ணைத் தவிர எதையும் நம்ப மாட்டாராம்."

"தராசு இருக்கே."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"உங்களுக்கு எண் எவ்வளவு காட்டிச்சு?"

குலசேகரன் ஆடுகளைப் பார்த்தார்.

"எவ்வளவு சார்?"

"நூறு."

ஜெசிந்தா பேனாவைக் கீழே வைத்தாள். தராசு நூறு காட்டி அவள் கேள்விப்பட்டதில்லை.

"நூறு வராது," என்றாள். "ரெட்டைப் பிள்ளைங்களுக்கே வராது. எடைக்கல்லையே தூக்கித் தட்டுல வெச்சாத்தான் முள்ளு அசையாம நிக்கும்."

அவர் இப்போது உட்கார்ந்தார். பேச்சிமுத்துவின் முக்காலியில், ஒரு பக்கமாக.

"தராசுல கல்லா வைக்க நோயில்லாத திசு வேணும், யாரும் தரலை டாக்டர்," என்றார். "மத்த உறுப்பெல்லாம் கிடைச்சுது. விபத்துல போன பையனோட அப்பா கண்ணைத் தருவார், இதயத்தைத் தருவார். அழுதுகிட்டே கையெழுத்துப் போடுவார். இதைக் கேட்டா எழுந்து போயிடுவார். கொடுத்த கண்ணையும் திரும்பக் கேப்பார். என் ஆட்கள் கேக்கறதையே விட்டுட்டாங்க. தொடக்க விழாவுக்கு நாள் குறிச்சாச்சு. எல்லா உறுப்புக்கும் கல் தயார், இதுக்கு மட்டும் இல்ல. எனக்கு அப்போ முப்பத்து நாலு வயசு. ஒரு தலைவலி கூடக் கிடையாது."

"உங்களோடதைக் கொடுத்தீங்க."

"சின்னச் சின்னத் துண்டாக்கி, பல பேர்னு சேத்துட்டோம்."

"சேக்கறதுக்கு முன்னாடி அதை யாராவது கண்ணால பாத்தாங்களா?"

"கண்ணு வேண்டாம்னுதானே தராசு."

வெளியே ஓர் ஆடு இருமியது.

"இந்தப் பழுப்பு என்னன்னு உங்களுக்கே தெரியும்," என்றாள் ஜெசிந்தா. "இருந்தாலும் சொல்றேன். வயித்துக்குள்ள பிள்ளையா இருக்கும்போது அந்தச் செல்லுக்கு இந்தப் புரதம் வேணும். பிறந்து ஒரு வருஷத்துக்குள்ள அணைஞ்சுடணும். சிலருக்கு ஒண்ணு ரெண்டு செல்லுல அணையறதில்ல. சத்தமில்லாம எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அப்புறம் ஒருநாள் பிடிச்சுக்கும். நீங்க கல்லு கொடுத்த அன்னைக்கே உங்களுக்குள்ள அது எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. தராசு அதையும் ஆரோக்கியம்னு கத்துக்கிச்சு."

குலசேகரன் தலையசைத்தார். அவர் இதை ஏற்கெனவே யோசித்து முடித்திருந்தார் என்று அவளுக்குப் புரிந்தது.

அவள் மனத்தில் எண்கள் இடம் மாறின. கிளாட்வின் தொண்ணூற்றாறு. ஆரோக்கியத்துக்கு அவ்வளவு அருகில் என்று அவன் சிரித்தான். அவன் அருகில் இருந்தது இந்த ஆளுக்கு. இந்த ஆளின் நோய்க்கு. எண் கூடக் கூட ஆபத்தும் கூடியிருக்கிறது. அவளுக்குக் கிளாட்வினின் முகம் மட்டுமே தெரிந்தது. வேறு யாரும் அவள் நினைவுக்கு வரவில்லை.

"எழுதித் தருவீங்களா?"

"மாட்டேன்."

"டாக்டர்."

"அக்கா கண்ணுதானே சார். அதை நம்பி யாரும் கத்தி எடுக்கக் கூடாது. தராசே சொல்லட்டும்."

அவர் முகம் மாறியது. எங்கே கேட்ட வாசகம் என்று தேடினார். அவருக்கு அது கிடைத்ததா என்று அவள் காத்திருக்கவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து, தீப்பெட்டி அளவுள்ள ஒரு மெழுகுக்கட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். மெழுகுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு உறைந்திருந்தது.

"இது யாரோடது?"

"கிளாட்வினோடது. நோய் வராத பக்கம். பிணத்தை வாங்கறதுக்கு முன்னாடி தேவசகாயத்தைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன். வீட்டுல நான் ஒருத்திதான் மிச்சம். கேட்டு எழுந்து போக அப்பா இல்ல. சீவிச் சீவிப் பாத்தேன். ஒரு பழுப்புப் புள்ளி கிடையாது."

அவர் மெழுகுக்கட்டியைத் தொடவில்லை.

"இதைக் கல்லா வைங்க," என்றாள். "அப்புறம் நீங்க தட்டுல ஏறுங்க. தராசு உங்களுக்கு நோய்னு சொல்லும். எந்த ஆஸ்பத்திரியிலயும் எடுப்பாங்க. யார் கையெழுத்தும் வேண்டாம்."

"ஒரு ஆளோட திசு போதாது."

"உங்களோடது போதுச்சே. முதல் கல் இது. ஏன் கேக்கறோம்னு காரணத்தைச் சொல்லிக் கேளுங்க. மத்தவங்களும் தருவாங்க."

"உங்களுக்குப் புரியலை." அவர் குரல் தாழ்ந்தது. "கல்லை மாத்தினா தராசு இதுவரைக்கும் எடை போட்ட எல்லாத்தையும் திரும்ப எடை போடும். முடிவு மாறின ஒவ்வொருத்தருக்கும் செய்தி போகும். என்னால கூட தடுக்க முடியாது."

"நல்ல ஏற்பாடு. நீங்க செஞ்சதுதானே."

"ஊர் சிரிக்கறதைப் பத்தி நான் பேசலை. நாளைக்கு ஒரு பொம்பளைக்கு மார்புல நோய்னு தராசு சொல்லும். அவ நம்ப மாட்டா. இந்தக் கல்லு தப்புன்னா எல்லாக் கல்லும் தப்புன்னு வீட்டுல உக்காந்துக்குவா. அந்தச் சாவெல்லாம் யார் கணக்கு?"

அது உண்மை என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். அவர் அதற்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறார் என்பதும் தெரியும்.

"யோசிங்க," என்றாள்.

அவர் மெழுகைக் கையில் எடுத்தார். பிறகு கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"எனக்கு எவ்வளவு நாள் இருக்கு டாக்டர்? தகட்டைப் பாத்தவங்க நீங்கதான்."

ரத்த நாளத்தின் விளிம்பு அவள் கண்ணில் நின்றது. இந்த வாரம் எடுத்தால் இவன் கிழவனாகிச் சாவான். இவனை அவளுக்குத் தெரியும். உயிரா பெயரா என்றால் இவன் முதலில் பெயரைப் பார்ப்பான். அதை எடுத்த எடுப்பில் விட மாட்டான். யாரையாவது கலந்துபேசுவான், வேறு வழி தேடுவான். அந்தத் தாமதம் போதும். அதற்கு அவள் விஷம் வைக்க வேண்டாம், பொய்ச் சான்று எழுத வேண்டாம். ஒரு வாக்கியம் போதும். அதுவும் அவனுடையதே.

"அவசரம் ஒண்ணும் இல்ல," என்றாள்.

அவர் முகம் தெளிந்தது. இந்த முறை அவர் எதையும் தேடவில்லை.

"நன்றி டாக்டர்," என்றார்.

*

மழைக்காலம் தொடங்கியது. கோமாரி வந்து மாடுகள் செத்தன. வேலை குவிந்தது. பேச்சிமுத்து தகடுகளோடு வந்து போனார். மகன் சுடலைமுத்துவின் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்காத கதையைச் சொன்னார்.

"உங்க சேக்காளி எப்படி இருக்கார்?" என்று ஜெசிந்தா ஒருநாள் கேட்டாள்.

"மெட்ராஸ்ல மீட்டிங்கு மேல மீட்டிங்காம். வெளிய தெரியாம கல்ல மாத்த வழி இருக்கான்னு ஆள் வெச்சுப் பாக்கானாம். என்ன கல்லுன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கான்."

"இளைச்சிருக்காரா?"

"இளைச்சிருக்கான். போன்ல பேசவே முடியல. இருமிக்கிட்டே கெடக்கான்."

நுரையீரலுக்குப் போய்விட்டது, என்று அவள் நினைத்தாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் சாளை மீன் வாங்கினாள். தம்பி போன பிறகு அவள் வீட்டில் மீன் வறுத்ததில்லை. வறுத்து, சுடச்சுட, தனியாக உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

கிளாட்வினின் கைப்பேசிக்கு அவள் இன்னும் மின்னேற்றிக்கொண்டிருந்தாள். மாதக் கட்டணமும் கட்டினாள். யாரும் அழைப்பதில்லை. ஒரு காலையில் அது அலமாரியில் அதிர்ந்தது.

திரு. கிளாட்வின் பர்னாந்து அவர்களுக்கு. தங்கள் விரைத் திசுப் பரிசோதனையின் முடிவு திருத்தப்பட்டுள்ளது. திருத்திய முடிவு: நோய். உடனே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு வரவும்.

கிளாட்வினின் நோயைக் கிளாட்வினே கண்டுபிடித்திருந்தான். இந்தச் செய்தி வரும் நாளில் அழுவாள், அல்லது சிரிப்பாள் என்று அவள் எண்ணியிருந்தாள். இரண்டும் வரவில்லை. 'உடனே' என்ற சொல்லையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

மதியம் தொலைக்காட்சியில் குலசேகரனின் பழைய படத்தைக் காட்டினார்கள். தவறு தன்னுடையது என்று அவர் படுக்கையிலிருந்து எழுதிக் கொடுத்திருந்தார். நோய் இரண்டு நுரையீரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். அறுவையால் இனிப் பயனில்லை. ஜெசிந்தா சத்தத்தைக் குறைத்தாள். திரையில் அரசு மருத்துவமனையின் வாசல் வந்தது. இளைஞர்கள் தெருமுனைவரை நின்றார்கள். பக்கத்தில் அப்பாக்கள் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அவள் அந்த வரிசையை இதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. செய்தி போகும் என்று அவர் சொன்னபோது கூட, செய்தியைத்தான் நினைத்தாள். அதை வாங்கும் கைகளை நினைக்கவில்லை. குலசேகரன் தயங்கிய ஒவ்வொரு நாளும் இவர்களும் அவரோடு சேர்ந்து காத்திருந்தார்கள், தெரியாமல்.

கதவு தட்டப்பட்டது.

பேச்சிமுத்து. முக்காலியை இழுக்கவில்லை. கையில் ஒரு சிறு குப்பி. அதன்மேல் காளை என்று எழுதவில்லை. சுடலைமுத்து என்று எழுதியிருந்தது.

"செய்தி வந்துட்டு டாக்டரம்மா. பயலுக்குத் தொண்ணூத்தஞ்சுல்லா. இப்ப நோய்ங்கு." அவர் குப்பியை மேசைமேல் வைத்தார். "காலைல இருந்து ஆஸ்பத்திரிலதான் நிக்கோம், வெளிய என்ன நடக்குன்னே தெரியல. தேவசகாயம் துண்டு எடுத்துக் குடுத்தாரு. ஆப்பரேசனுக்கு மூணு வாரம் கழிச்சுத்தான் டோக்கன். அம்புட்டுக் கூட்டம். ரொம்ப மோசமானவனுக்கு முதல்ல பண்ணுவாங்களாம், நீங்க பாத்து எழுதிக் குடுத்தா. காத்திருக்கலாமான்னு பாத்துச் சொல்லுங்க."

அவள் குப்பியை எடுத்தாள். கை சரியாக வேலை செய்தது. வெட்டினாள், சாயம் ஏற்றினாள், கழுவினாள். பேச்சிமுத்து போகவில்லை. மழைச் சாரல் அடித்த வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு விவசாயி வந்து மாட்டைப் பார்க்கக் கூப்பிட்டார். நாளைக்கு வாரேன் என்று அனுப்பினார்.

தகட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். குச்சிப் படிகங்கள். வெளுத்து ஊதிய செல்கள். ஒரு மூலையில் சுவரில்லாத குழாய். பழுப்பு வெளியேறி நின்ற இடத்தில் ஒரு ரத்த நாளம் இருந்தது. அவள் திருகை மெல்லத் திருப்பினாள். விளிம்பு தெளிந்தது. உள்ளே நுழைந்துவிட்டதா, இல்லை முட்டிக்கொண்டு நிற்கிறதா என்று சொல்ல முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் சொல்லியிருக்கலாம்.

பேச்சிமுத்து பின்னால் வந்து நின்றார். ஈரச் சட்டையின் வாடை வந்தது.

"பயப்பட ஒண்ணுமில்லன்னு வீட்ல சொல்லிருக்கேன்," என்றார். "குலசேகரன் இங்க வந்துட்டுப் போனப்ப எங்கிட்ட சொன்னான். அவசரம் ஒண்ணும் இல்லன்னு நீங்களே சொன்னியளாம். அதான் நானும் தைரியமா இருக்கேன். அவனுக்கே அவசரம் இல்லன்னா இவனுக்கு இருக்காதுல்லா."

அவள் திரும்பவில்லை.

"இல்லதான டாக்டரம்மா?"

ஜெசிந்தா ஒரு தாளை இழுத்தாள். பேனாவை எடுத்தாள்.

"இன்னைக்கே," என்றாள். "இன்னைக்கே எடுக்கச் சொல்லுங்க."